பிட்காயினுக்கு ஹார்டுவேர் வாலட் வாங்கிய அனுபவம்

பத்து ஆண்டுகளாவது தொடக்கூடாது என்ற எண்ணத்தில் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த பிட்காயினை, 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை) திவாலான செய்தியைப் படித்த பிறகும் ஓராண்டுக்கு மேல் நான் வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைத்திருந்தேன். ஹார்டுவேர் வாலட் என்றால் நாணயத்தை உள்ளே போட்டுப் பூட்டும் பெட்டி என்று நினைத்திருந்ததும், அந்தப் பெட்டி பழுதானால் எல்லாம் போய்விடும் என்று பயந்ததும்தான் அதற்குக் காரணம். நாணயம் எப்போதும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில்தான் இருக்கிறது என்பதும், அதைச் செலவழிப்பதற்கான ரகசியச் சாவியான பிரைவேட் கீயை இணையத்திடமிருந்து தள்ளி வைப்பது மட்டுமே இந்தக் கருவியின் வேலை என்பதும் புரிந்த பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

பாரிஸ் நிறுவனமான லெட்ஜர், பிராக் நகரத்து டிரெசர் என்ற இரண்டுக்கும் இடையில் பல வாரங்கள் தடுமாறினேன். கிராக்கன் என்ற எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவான கிராக்கன் செக்யூரிட்டி லேப்ஸ் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பழைய டிரெசர் கருவி கையில் கிடைத்தால் பதினைந்து நிமிடத்தில் உள்ளிருக்கும் மீட்புச் சொற்களை, அதாவது அந்தக் கீயை வேறு கருவியிலும் மீண்டும் உருவாக்க உதவும் சொல் வரிசையை, எடுத்துவிட முடியும் என்று காட்டியிருந்தார்கள். லெட்ஜரில் அத்தகைய தாக்குதலைத் தடுக்கும் பாதுகாப்புச் சிப் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் அதே 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் தகவல்கள் கசிந்தன. சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியில் வந்தன. 2023 மே மாதம், விரும்புவோரின் மீட்புச் சொற்களை மறையாக்கி மூன்று பங்காகப் பிரித்து, தன்னிடமும் இரண்டு வெளி நிறுவனங்களிடமும் வைக்கும் சேவையை லெட்ஜர் அறிவித்தது. கட்டாயமில்லை என்றாலும், அந்தச் சொற்கள் கருவியை விட்டு வெளியே வர வழி இருக்கிறது என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது. 2023 இறுதியில் வந்த டிரெசர் சேஃப் 3இல் பாதுகாப்புச் சிப்பும் இருந்தது, எவரும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேரும் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருந்தது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

முதலில் விலை குறைவு என்பதற்காக இணையக் கடை ஒன்றில் இருந்த மூன்றாம் தரப்பு விற்பனையாளரிடம் வாங்கினேன். யூஎஸ்பி துளையின் மேல் ஒட்டியிருந்த ஹோலோகிராம் முத்திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு, அதன் கீழே பசை திட்டுத் திட்டாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த அட்டையில் மீட்புச் சொற்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தன! அந்தச் சொற்களைக் கருவிதான், அதுவும் நம் கண்முன்னே, புதிதாக உருவாக்க வேண்டும். வேறொருவர் எழுதித் தந்த சொற்களை ஏற்றுக்கொண்டால், நாம் போடும் ஒவ்வொரு நாணயமும் அவருக்கும் சொந்தம். திருப்பி அனுப்பிவிட்டு, சுங்க வரி கட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை என்று தயாரிப்பாளரிடமே நேரடியாக வரவழைத்தேன்.

புதிய கருவி பன்னிரண்டு சொற்களைத் தந்தது. 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியம் என்று வேறு சில மொழிகளிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. என் தந்தையைப் போன்றவர்களுக்கு அது பெரிய குறைதான். எந்தச் சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பதால், காகிதத்தில் முழுமையாக எழுதிக்கொண்டு, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் நான்கு நான்கு எழுத்துகளாக எண் வரிசையோடு பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். லேத் பட்டறையில் தட்டித் தரச் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தச் சொற்களை இன்னொருவர் பார்க்கவே கூடாது.

சுமார் இரண்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள பிட்காயினை மட்டும் முதலில் அனுப்பினேன். கணினியில் தெரியும் முகவரியை வைரஸ் மாற்றிவிட முடியும் என்பதால், கருவியின் சிறு திரையில் தெரிந்த முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பிறகு கருவியை முழுவதும் அழித்து, காகிதத்தைப் பார்த்துச் சொற்களை மீண்டும் ஏற்றினேன். இருப்பு அப்படியே திரும்பித் தெரிந்தபோதுதான் மூச்சு சீரானது. என் கணக்கிலிருந்து என் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை அல்ல. ஆனால் பின்னாளில் விற்கும்போது 30 சதவீத வரியைக் கணக்கிட, வாங்கிய விலையை மட்டுமே கழிக்க முடியும். வாலட்டுக்கு அந்த விலை தெரியாது என்பதால் எக்ஸ்சேஞ்சின் ரசீதுகள் அனைத்தையும் தரவிறக்கி வைத்துக்கொண்டேன்.

நான் இல்லாத ஒரு நாளில் என் மனைவி இதைத் திறக்க முடியுமா என்பதே எனக்கு மிக முக்கியமான கேள்வி. அதனால்தான் கூடுதல் ரகசியச் சொல் சேர்க்கும் வசதியையும் வேண்டாம் என்று விட்டேன். கருவியை மீண்டும் அழித்துவிட்டு, தகட்டையும் ஒரு பக்கக் குறிப்பையும் அவளிடம் கொடுத்துப் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, “பன்னிரண்டையும் போட்டுவிட்டேன், தப்பு என்று சொல்கிறதே” என்றாள்.

தகட்டில் ஆங்கில ‘ஜி’ (G) ஒன்றின் குறுக்குக் கோடு ஆழமாகப் பதியாமல், பார்க்க ‘சி’யாக (C) தெரிந்தது. என் சொல்லை இங்கே சொல்லமாட்டேன், ஆனால் ‘கேம்’ (game) என்ற சொல்லின் முதல் எழுத்து ‘சி’யாகத் தெரிந்தால், முதல் நான்கு எழுத்துகளை வைத்துக் கருவி அதைக் ‘கேமரா’ (camera) என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே பட்டியலில் உள்ளவை. மற்ற சொற்களோடு பொருந்துகிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புக் குறி கடைசிச் சொல்லுக்குள் இருப்பதால்தான் பிழை வெளிப்பட்டது. காகிதத்தையே பார்த்துச் சோதித்த எனக்கு அது தெரியவே இல்லை.

அன்று மாலையே புதிய தகட்டில் பன்னிரண்டு சொற்களையும் முதலிலிருந்து அடித்தேன். மறுநாள் அவள் அதைப் பார்த்து ஏற்றினாள், இருப்பு தெரிந்தது. மீதி பிட்காயினை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்தது அதற்குப் பிறகுதான்.