இட்லி வண்டிக்கு அட்டை வாங்கின கதை: 7 மாதம், 11 நடை

போன வாரம்தான் கைக்கு வந்தது. சாலையோர வியாபாரி அடையாள அட்டை, கூடவே விற்பனைச் சான்று. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடுநடுவே புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 14 வருடமாகத் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போடுகிறார். கையேந்தி பவன்தான். சாயங்காலம் ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ராத்திரி பத்தரை வரை ஓடும். நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெஞ்சு. மாநகராட்சியிலிருந்து சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் வந்தது பகல் 11 மணிக்கு. அந்த நேரத்தில் வண்டி மரத்தடியில் சங்கிலி போட்டு நின்றது, அம்மா வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தார். அதே இடத்தில் பகலில் கொய்யா விற்கிறவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, அம்மா பெயர் இல்லை. ராத்திரிக் கடை போடுகிற யார் பெயருமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் நடையில் "லிஸ்ட்ல பேர் இல்லையே, அடுத்த சர்வேல பாத்துக்கலாம்" என்றார் எழுத்தர். அடுத்தது எப்போது சார் என்றால், மேலே இருந்து சொல்ல வேண்டுமாம். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் 5 வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்று இருக்கிறது, அவர் சொன்னதற்கு 5 வருடம் வரை கூடக் காத்திரு என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது நடையில் ஒரு படிவம் கொடுத்தார். அதில் கடை வாடகை ஒப்பந்தமும் சொத்து வரி ரசீதும் இணைக்க வேண்டும் என்று இருந்தது. "நடைபாதைக்கு யார் சார் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தருவாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, ஃபார்ம்ல கேட்டிருக்கு." மூன்றாவது நடையில் பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது தொழில் உரிமத்துக்கான படிவம், கட்டடத்தில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு என்றார். இரண்டு நாள் லீவு போச்சு. எந்தப் படிவம் கொடுத்தாலும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் தலைப்பைப் படித்துவிடுங்கள். நான் படிக்கவில்லை.

ஆதார் ஓடிபி இறந்துபோன அப்பாவின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதை மாற்ற ஒரு நடை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு பிரவுசிங் சென்டரில் 1,500 கேட்டார்கள். நாங்கள் கட்டியபோது அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே போட்டேன்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு ஆணையருக்கு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். முத்திரை போட மாட்டேன் என்பார்கள், அங்கேயே நில்லுங்கள், பின்னால் வரிசை நீண்டால் போட்டுவிடுவார்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் வார்டு கணக்கெடுப்புப் பட்டியலையும், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையும் கேட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும். இருபத்தி நாலாவது நாள், பதில் கடிதம் வரவில்லை, மாநகராட்சி ஆளே வந்தார், சாயங்காலம் ஏழே காலுக்கு, போனும் கையுமாக. தோசைக்கல் முன்னால் அம்மாவை நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஆவியில் முகம் தெரியவில்லை என்று மூன்று முறை எடுத்தார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வந்தது. கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதே 2014 சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. லாரிக்காரரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது! பெஞ்சு, ஸ்டூல், இரண்டு தூக்கு மாவு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா காலி வண்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

19ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். எங்களுக்குப் பட்டியல் தரவில்லை. அன்று ராத்திரி அலுவலகம் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் போனால் கிடங்கில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்து கிடக்கிறது, மேலே எறும்பு. பிரிண்டை நீட்டினேன். "சட்டம் பேசுறியா தம்பி?" என்றார் அதிகாரி. ஆனால் படித்தார். அபராதம் இல்லாமல் எல்லாவற்றையும் கொடுத்தார்கள், ஒரு ஸ்டூலைத் தவிர.

அதோடு விட்டதா? வார்டு அலுவலகப் பலகையில் ஒரு வரைவு அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் தெருவில் வண்டி நிற்கலாம், ஆனால் நடைபாதையில் ஸ்டூல், பெஞ்சு போடக் கூடாது, ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம். நின்றுகொண்டே சாப்பிடச் சொல்கிறார்கள். எங்களிடம் தினமும் வருகிறவர்களில் பாதிப் பேர் வாட்ச்மேன்கள், எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள்.

நேர்மையாகச் சொன்னால் நடக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் பெஞ்சு குறுக்கேதான் கிடந்தது, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் ரோட்டில் இறங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நடைபாதை 11 அடி. பெஞ்சைத் திருப்பி வண்டியோடு ஒட்டிப் போட்டால் எங்களுக்கு 4 அடி, மிச்சம் 7. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல், ஐ.ஆர்.சி. 103, நடக்க விட வேண்டும் என்று சொல்வது குறைந்தது 1.8 மீட்டர், 6 அடிக்குக் கொஞ்சம் கம்மி. அப்படியே எதிரில் ஜவுளிக்கடை வாசலையும் அளந்தேன், கஸ்டமர் பைக்குகள் போக மிச்சம் இரண்டரை அடி. படம் எடுத்து, 23 வியாபாரிகள் கையெழுத்தோடு ஆட்சேபணை மனுவாகக் கொடுத்தோம்.

யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். சாலையோர வியாபார விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் பகுதி உறுப்பினர் கோயில் வாசலில் பூ விற்கிற அக்கா. ஏழு மாதத்தில் ஒரே ஒரு தடவை கூட "நாளைக்கு வா" என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். மனுவின் நகலை அவர் கையில் கொடுத்தோம், குழுக் கூட்டத்தில் டேப் கணக்கை எழுந்து வாசித்திருக்கிறார். ஸ்டூல் விஷயம் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் அறிவிப்பைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அட்டை வந்தது. தொழில் என்ற இடத்தில் 'கொய்யா' என்று அச்சிட்டிருந்தார்கள்! அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். திருத்த மூன்று வாரம், இரண்டு நடை. சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பம் போடுகிற எண்ணம் இருந்தால் (முதல் தவணை முன்பு 10,000, இப்போது 15,000) தொழிலும் பெயரும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வண்டியில் கம்பி போட்டு மாட்டியிருப்பது கலர் ஜெராக்ஸ், இரண்டே நாளில் எண்ணெய் படிந்துவிட்டது. அசல் வீட்டில் அரிசி டிரம்முக்குள், மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. எனக்கே எடுத்துக் காட்ட மாட்டேன் என்கிறார் அம்மா.