பிளிட்ஸில் ஒரு லூசெனா: இடது கை வேலை

செஸ்ஸில் யானைகளோடு முடியும் கடைசிக் கட்டத்தை (எண்ட்கேம்) ஒருவழியாக நேரம் தீர்வதற்குள் ஜெயித்தாகிவிட்டது! வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம், பிளிட்ஸ் என்கிற வேக ஆட்டம் (3+2: ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல்), எதிரில் குடியாத்தத்துப் பள்ளிக்கூடப் பையன். கரோ-கான் தொடக்கம், அதில் எக்ஸ்சேஞ்ச் வகை, ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டன. நடுவாட்டம் எழுதும்படி இல்லை, இரண்டு பேரும் சுமார்தான்.

கடைசியில் என் ராஜா பி8, சிப்பாய் பி7, யானை சி1. அவன் ராஜா டி7, யானை ஏ2. சுத்தமான லூசெனா, சிப்பாயை ராணியாக்கி ஜெயிக்கிற பேர்பெற்ற நிலை. (1497-இல் வந்த ஸ்பானியர் லூசெனாவின் செஸ் நூலில் இந்த நிலையே கிடையாது, 1634-இல் இத்தாலியர் சால்வியோ எழுதியது. பேர் மட்டும் லூசெனாவுக்கு!) யானை சி4, அப்புறம் டி4-இல் செக், ராஜா சி7, பி6, சி6 என்று செக் வாங்கிக்கொண்டே பி5-க்கு இறங்கினால் யானை பி4-இல் வந்து செக்கை மறைத்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படுத்தியது கை.

நான் வெள்ளை, கடிகாரம் என் இடப்பக்கம். நகர்த்திய கையால்தான் அழுத்த வேண்டும். பி, சி வரிசையில் வலது கையை நீட்டினால் நம் முழங்கையே பாதிப் பலகையை மறைக்கிறது, உடம்பும் திரும்ப வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் 2 விநாடி அதிலேயே போய்விடும். அதனால் இந்த ஒரு நிலையை மட்டும் வீட்டில் இடது கையால் பழகி வைத்திருந்தேன். பலகையில் மிச்சம் ஐந்தே காய், எதையும் தட்டிவிடும் பயம் இல்லை. எனக்கு 6 விநாடி இருந்தபோது கை மாற்றினேன். யானை பி4-க்கு வந்தபோது 9 ஆகியிருந்தது!

இன்னொரு தொல்லை, வெட்டுப்பட்ட என் ராணியைப் பையன் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொட்டு ராணியாகும்போது அந்தக் காய் வேண்டுமே, கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடுவதாக இருந்தேன். அதற்குள் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டான். "அங்கிள், நீங்க லெஃப்ட் ஹேண்டா?" என்று மட்டும் கேட்டான்.

இதுவரை பழகியதெல்லாம் போன் ஆப்பில்தான். திரையைத் தொடுவதும் பொத்தானை அழுத்துவதும் ஒன்றல்ல. சொந்தமாக டிஜிட்டல் கடிகாரம் ஒன்று வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு நடக்கும் தூரம், விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். அடிப்பாகம் கனமான காய் செட்டும் அங்கேயே பார்க்கணும். மண்டபத்து மின்விசிறிக் காற்றுக்கே இந்த பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஆடுகின்றன.

அடுத்தது பிலிடோர் தற்காப்பு, இதே யானை எண்ட்கேமில் சிப்பாய் இல்லாதவர் டிரா செய்யும் வழி. ஓரச் சிப்பாய் என்றால் இந்த லூசெனா வழி செல்லாது, அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். கடிகாரம் வரட்டும்.