பைக் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு: பனியன் கம்பெனியில் பயண மாற்றத் திட்டம் போட்ட அனுபவம்

தொழிலாளர்களை பைக்கிலிருந்து பஸ்சுக்கு மாற்றும் திட்டம் என்றதும் கம்பெனி நிர்வாகம் முதலில் கேட்டது பேனர்தான். "சுற்றுச்சூழல் காப்போம்னு நாலு பேனர் அடிச்சு கேட்ல கட்டிரலாமுங்க" என்றார்கள். அதை நிறுத்த உதவியது 2020ல் வெளியான ஓர் ஆய்வு. 68,000 பேருக்கு மேல் உட்பட்ட ஐந்து களச் சோதனைகள் அதில் இருந்தன. கடிதம் போட்டுப் பார்த்தார்கள், ஆளுக்கேற்ற பயணத் திட்டமும் எழுதிக் கொடுத்தார்கள். காரில் தனியாக வந்தவர்கள் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி முதலாளி மேசையில் வைத்த பிறகு பேனர் பேச்சு எழவில்லை. திருப்பூர் அவிநாசி சாலைப் பக்கம் உள்ள அந்தக் கம்பெனியின் மூன்று யூனிட்டிலும் முதலில் கணக்கெடுப்பு என்று முடிவானது.

அங்கேயே முதல் முட்டு. யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க அலுவலகத்தில் முகவரிப் பட்டியல் கேட்டால், வந்தது ஆதார் முகவரி. திண்டுக்கல், தேனி, புதுக்கோட்டை என்று சொந்த ஊராக நிறைந்திருந்தது. திருப்பூரில் எந்த லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பது அதில் இல்லை. அந்தப் பட்டியலை வைத்து வரைபடம் போட உட்கார்ந்தால் உழைப்பு அத்தனையும் வீண். முகவரி கேட்கவே கேட்காதீர்கள். "வீட்டுக்குப் பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப்புங்க? அங்கிருந்து நடந்தா எத்தனை நிமிஷம்?" என்ற இரண்டு கேள்வி போதும். கம்பெனி விடுதியில் தங்கி நடந்தே வரும் வடமாநிலத் தொழிலாளர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவர்களையும் சேர்த்தால் "பைக்கில் வராதவர்கள்" எண்ணிக்கை ஊதிப்போய் நிலைமை நன்றாக இருப்பதுபோல் தெரியும்.

படிவம் கொடுக்கும்போது லைன் (தையல் மெஷின் வரிசை) சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் எல்லோரும் பஸ்சில் வருவதாகவே எழுதுவார்கள். "வழக்கமாக எதில் வருவீர்கள்?" என்ற கேள்வியும் ஆகாது. "இன்னைக்குக் காலைல எதுல வந்தீங்க?" என்று கேளுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை உள்ள நாட்கள்தான் சரி. திங்களன்று ஆள் குறைவு. சனிக்கிழமை சம்பள நாள், வேலை முடிந்ததும் பலர் சந்தைக்குப் போய்விடுவார்கள், அதனால் பைக் கூடும்.

படிவத்தை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் வண்டிகளை எண்ண வேண்டும். காலை ஷிப்ட் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. டபுள்ஸ் வருபவர்கள் ஒரு வண்டியாகத்தான் தெரிவார்கள். கேட் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பும் கணவரோ தம்பியோ ஸ்டாண்டுக்குள் வருவதே இல்லை. ஒரு ஆளை வேலைக்கு விட ஒரு வண்டி போகவும் வரவும் நான்கு நடை ஓடுகிறது, கணக்கில் பூஜ்யம். ஆகவே காலை எட்டு முதல் எட்டே முக்கால் வரை கேட்டில் ஒருவர் நின்று இறங்குபவர்களை எண்ண வேண்டும். டிக்கெட்டைப் பெட்டியில் போடச் சொல்லிப் பஸ் பயணத்தை எண்ணும் யோசனையும் வந்தது. பரிசு அறிவிக்காதவரை அது நல்ல வழி. பரிசு என்று சொன்ன மறுநாளே பஸ்சுக்குள் கீழே கிடக்கும் டிக்கெட்டெல்லாம் பெட்டிக்கு வந்து சேரும்.

அடுத்தது நேர அட்டவணை. இதை எழுதும்போது இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பஸ் நேரம் வாங்கப் போன அலுவலகத்தில் முதலில் லெட்டர்பேடில் எழுதி சீல் வைத்துத் தரச் சொன்னார்கள். கொடுத்தால், தடம் வாரியாகத் தனித்தனிக் கடிதம் வேண்டுமாம். அதையும் கொடுத்தால், பிரிவு பார்ப்பவர் விடுப்பு. "நாளைக்கு வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டதும் அட்டவணை வந்தது. 30 நாள் கெடு உண்டு, முதல் நாளே இதைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஆனால் காகிதத்தில் உள்ள நடையெல்லாம் சாலையில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாப் எதிரே உள்ள டீக்கடையில் மாலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை உட்கார்ந்து, வந்த பஸ், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் என்று மூன்று கட்டம் போட்டு எழுதினால்தான் உண்மை தெரியும். எட்டு மணிக்கு மேல் சில நடை வரவே வராது.

இவ்வளவுக்கும் பிறகுதான் தடை எது என்று பிடிபட்டது. பெண்களுக்குச் செலவு ஒரு தடையே இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. "காசு மிச்சம்" என்று அவர்களிடம் போய்ச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. செக்கிங் பிரிவு அக்கா ஒருவர் ஒரே வரியில் சொன்னார்: "பஸ்சு வருதுங்க. நாங்க கேட்டத் தாண்டறதுக்குள்ள போயிருதுங்க."

மெஷினை நிறுத்துவது முதல் ஸ்டாப்பில் நிற்பது வரை கடிகாரம் வைத்து அளந்தோம். கை கழுவும் இடம், பஞ்சிங் (வெளியேறும் நேரப் பதிவு), பிறகு பை சோதனை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வருவார்கள். பை பார்க்க ஒரே ஒரு பெண் செக்யூரிட்டி. டிபன் பாக்ஸைத் திறந்து, பர்ஸைத் திறந்து, அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் வரிசை அயர்னிங் ஷெட் வரை நீளும். பஸ்சோ எட்டு ஐந்துக்கு. இரண்டாவது மேசையும் இன்னொரு செக்யூரிட்டி அக்காவும் போட்டு, பெண்கள் லைன்களைப் பத்து நிமிடம் முன்பே விட்டதுதான் மொத்தத் திட்டத்திலும் குறைந்த செலவில் அதிகம் சாதித்த வேலை. அந்தப் பத்து நிமிடத்தைக் காலையில் ஈடுகட்டினோம். பீஸ் ரேட்காரர்களிடம் (தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்கள்) இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூலி குறையும் என்று பயந்து எழுந்திருக்க மாட்டார்கள்.

பலன் தந்ததா என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். லைன் வாரியாகப் பிரிக்கலாம் என்பார்கள், வேண்டாம். ஒரே டீக்கடையில் நிற்பவர்கள் அவர்கள், ஒரு லைனில் சொன்னது மாலைக்குள் அடுத்த லைனுக்குப் போய்விடும். ஒரே லைனில் வேலை செய்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடந்துகொள்வதால் ஆள் எண்ணிக்கையும் ஏமாற்றும். லைனுக்கு 40 பேர், உள்ளொற்றுமை (ஒரே லைன்காரர்கள் எவ்வளவு ஒத்து நடக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்று வைத்தால், ஆள் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + 39 × 0.05 = 2.95. அதாவது 400 பேரை எண்ணினாலும் சுமார் 136 பேர் அளவுக்குத்தான் கணக்கில் பலம். யூனிட் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாதத்தில் தொடங்குவதே வழி. மூன்றே யூனிட் என்பதால் சான்றின் பலம் குறைவுதான், அதை அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். நன்றாக நடக்கும் யூனிட்டில் முதலில் தொடங்க வேண்டும் என்று நிர்வாகம் அடம்பிடித்தது. எல்லா யூனிட்டுக்கும் கட்டாயம் வரும், வரிசை மட்டும் சீட்டுக் குலுக்கி என்றதும் இறங்கி வந்தார்கள். அந்தச் சீட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. நடுவில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றது, மூன்று ஸ்டாண்டிலும் வண்டி குறைந்தது. இன்னும் தொடங்காத யூனிட்டின் கணக்கு கையில் இல்லாதிருந்தால் அந்தக் குறைவு முழுவதையும் திட்டத்தின் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். அதைக் கழித்த பிறகும் பெண்கள் பக்கம் மிச்சம் நின்றது. ஆண்கள் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதையும் அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

எப்போது தொடங்குவது என்பதும் பெரிய விஷயம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தில் வேறு வழியில் போக நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிந்தும் புது வழியிலேயே தொடர்ந்தார்கள். பழக்கம் ஒரு தடவை அறுந்தால்தான் ஆள் யோசிப்பார். திருப்பூரில் அது தீபாவளிக்குப் பிறகு. போனஸ் வாங்கி ஊருக்குப் போய்த் திரும்புபவர்களில் பலர் வீடு மாற்றுவார்கள், கம்பெனியும் மாற்றுவார்கள். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே ஒரு சின்ன அட்டை கொடுங்கள். "காலை __ மணிக்கு __ ஸ்டாப்பில் __ நம்பர் பஸ், கூட வருபவர் __" என்று இருக்கட்டும், காலி இடத்தை அவரே நிரப்பட்டும். அதே ஸ்டாப்பில் ஏறும் பழைய தொழிலாளி ஒருவரை முதல் வாரம் துணைக்குச் சேர்த்துவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் தொடங்கினால், பழகியவர்களில் பாதிப்பேர் திரும்பி வராமலே போகலாம்.

டீக்கடையில் எழுதிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு அவற்றின் நகலையும் தேதி வாரியாக இணைத்தோம். "பஸ் வசதி இல்லை" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்தத் தேதியில் எந்த நடை வரவில்லை, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று எழுதியிருந்ததால் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், விட்டுப்போன இரவு நடை ஒன்று திரும்ப ஓடுகிறது. மனு எண்ணுள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நடை மறுபடி நின்றால் அந்த எண்ணைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும்.