தேடியவர் யாருக்காகத் தேடினார்?

சென்ற மாதம் என் கூகுள் கணக்கில் சேர்ந்து கிடந்த பழைய தேடல்களை அழிக்க உட்கார்ந்தேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு, கண்புரை அறுவைக்குப் பின் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று வரிசையாக வந்தன. இவற்றில் ஒன்றுகூட என் உடம்பைப் பற்றியதல்ல. எல்லாம் அம்மாவுக்காகவும் பெரியம்மாவுக்காகவும் தேடியவை. அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் என்னை எழுபது வயது நோயாளி என்றே முடிவு கட்டுவார்.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்று கருதி, ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடித் தேடல்களைப் பொதுவெளியில் வைத்தது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தார்கள். ஆனால் ஒருவர் தேடியவை அனைத்தும் ஒரே எண்ணின் கீழ்க் கோவையாகக் கிடந்ததால், ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த 62 வயதுப் பெண்மணி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறுவனம் அதற்குள் கோப்பை நீக்கியிருந்தது; நகல்களோ எங்கும் பரவியிருந்தன.

தனியுரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நிகழ்வு எடுத்துக்காட்டப்படுகிறது, அது சரியே. ஆனால் அந்தப் பெண்மணி அளித்த பேட்டியில் என்னை நிறுத்தியது வேறொன்று. கை நடுக்கம், வாய் வறட்சி, நிகோடின் உடலுக்குச் செய்யும் கேடு ஆகியவற்றை அவர் தேடியிருந்தார். பார்ப்பவருக்கு அவர் உடல்நலம் குன்றியவராகவும் புகைப்பவராகவும் தோன்றுவார். உண்மையில், தோழிகளின் கவலையைத் தணிப்பதற்காக அவர்களுடைய நோய்களைப் பற்றித் தேடிப் படிப்பது அவர் வழக்கம்; நிகோடினைத் தேடியதும் புகைப்பதை நிறுத்த வேண்டியிருந்த ஒரு தோழிக்காகத்தான். தரவு அவருடைய வீட்டைக் காட்டிக்கொடுத்ததே தவிர, அவருடைய மனத்தைத் தவறாகத்தான் காட்டியது.

இதே பிழை பெரிய அளவில் நடந்ததற்கு கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் சான்று. காய்ச்சல் கண்டவர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன்பே இணையத்தில் தேடுகிறார்கள், எனவே தேடல்களை எண்ணினால் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்து அறிக்கைக்கு ஓரிரு வாரங்கள் முன்பே ஃப்ளூவின் போக்கை அறியலாம் என்னும் எண்ணத்தில் 2008இல் அது தொடங்கப்பட்டது. 5 கோடித் தேடல் தொடர்களை அலசி 45ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ளூ பரவும் குளிர்காலத்திலேயே பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளும் நடப்பதால், கூடைப்பந்துத் தேடல்கூட ஃப்ளூவோடு பொருந்தி வந்ததாம். அதை மனிதர்கள்தாம் விலக்க வேண்டியிருந்தது. 2009இல் எச்1என்1 என்னும் பன்றிக் காய்ச்சல் அமெரிக்காவில் முதலில் பரவியபோது கணிப்பு குறைவாக வந்தது. 2012–13 குளிர்காலத்தில், மருத்துவர்களிடம் வந்தோர் விகிதத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. 2015இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது.

ஃப்ளூ பற்றிய செய்திகள் பெருகும்போது, உடம்பு சுடாதவர்களும் தேடுவார்கள். பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று அஞ்சும் தாயின் தேடலையும் காய்ச்சலில் படுத்திருப்பவரின் தேடலையும் கணினி ஒன்றாகவே எண்ணும். கூகுள் தன் தேடல் பக்கத்தில் அவ்வப்போது செய்த மாற்றங்களும் கணக்கைக் குலைத்திருக்கலாம் என்று 2014இல் சயன்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்றைத் தேடினால் தொடர்புடைய வேறொன்றை அது பரிந்துரைக்கிறது. அதைத் தொட்டால் அதுவும் ஒரு தேடலாகப் பதிவாகிறது.

என் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இருந்தது: மூட்டு மாற்று அறுவைக்கு எவ்வளவு செலவாகும் என்பது. அதை நான் தட்டச்சு செய்யவே இல்லை. கீழே தோன்றியதைத் தொட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அறுவை தேவையில்லை என்று மருத்துவர் அதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்.