600 மீற்றர்

2024 பெப்ரவரி 22, வியாழன்

இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி இன்றோடு 22 ஆண்டுகள். தற்செயலாக இன்றுதான் அம்மாவின் இரும்புப் பெட்டியில் முகமாலைக் காணியின் உறுதிப் பத்திரத்தைத் தேடினேன். அந்த உடன்படிக்கையின் பிரதியொன்றும் அதனுடனேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. முன்னரங்குகள் உள்ள இடங்களில் இரு தரப்புப் படைகளும் தத்தம் நிலைகளிலேயே நின்று, இடையில் குறைந்தது 600 மீற்றர் விட வேண்டும் என்கிறது அதன் 1.4ஆம் உறுப்புரை. தம் அரணிலிருந்து 100 மீற்றர் வரை நடமாடலாம். ஆனால் இரு தரப்புக்கும் இடையிலான தூரம் ஒருபோதும் 400 மீற்றருக்குக் குறையக் கூடாது.

கிளாலியிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை போன முன்னரங்கில் அந்த 600 மீற்றருக்குள் எங்கள் 24 பரப்பு (ஒன்றரை ஏக்கர்) தென்னங்காணியும் அகப்பட்டுக்கொண்டது. உறுதியில் அதற்குக் கிழக்கே ஒழுங்கை, தெற்கே வேலி, மேற்கே புளியமரம் என்று எல்லை சொல்லியிருக்கிறது. உடன்படிக்கையில் ஒரு வேலியும் இல்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

அந்த இடத்தை உடன்படிக்கை எப்படி அழைத்தாலும், சனம் சொன்ன பெயர் சூனியப் பிரதேசம். யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரல் 8இல் திறக்கப்பட்ட பிறகு நானும் அம்மாவும் பலமுறை அதைக் கடந்திருக்கிறோம். இராணுவச் சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மறுபடி ஏறி, வெறும் பற்றையாகக் கிடந்த நிலத்தைப் பார்த்தபடி போய், புலிகளின் சாவடியில் மீண்டும் இறங்கி, பதிவையும் பொருள்களுக்கான வரியையும் முடிக்க வேண்டும்.

இதைவிட எனக்கு மறக்காதது நேரம். 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளியதைப் புலிகள் ஏற்கவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் புது நேரம், வன்னியில் பழைய நேரம், இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம். அம்மா கைக்கடிகாரத்தை ஒருபோதும் மாற்றியதில்லை. "போன பஸ் எந்த நேரத்துப் பத்து மணி?" என்று கேட்டே காரியத்தை முடித்துக்கொள்வார். 2006 ஏப்ரலில் அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியதால் சூனியப் பிரதேசத்தின் இருபுறமும் ஒரே நேரமாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது.

மார்ச் 12, செவ்வாய்

கிராம அலுவலரான விதானையார் மூலம் அனுமதி பெற்று, காணியின் வடக்கு மூலை வரை போனேன். அதற்கு அப்பால் சிவப்புத் தடிகள். கண்ணிவெடி அகற்றும் அணியில் பெரும்பாலும் பெண்கள்; முகக் கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, வெயிலில் குந்தியிருந்து, நீண்ட பிடி கொண்ட வாரியால் மண்ணைத் தம் பக்கம் மெல்ல மெல்ல இழுக்கிறார்கள். உலோகம் காட்டும் கருவி போதாதா என்று கேட்டேன்.

"எல்லாத்திலயும் இரும்பு காணாது அண்ணை. புலிகளின்ர ஜொனி மிதிவெடியின்ர மரப்பெட்டி உக்கிப் போய்க் கிடக்கும், அதுக்கு வாரிதான் சரி," என்றார் அணித்தலைவி.

மணல் கலந்த மண் என்பதால்தான் இந்த முறை இங்கே சாத்தியமாகிறது. அவர் காட்டிய பயிற்சி மாதிரிகளில் ஒன்று இராணுவம் புதைத்த பி4 வகை: உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் வில்லை. இராணுவமும் புலிகளும் இருபுறத்திலிருந்தும் புதைத்ததால், நடுவில் கிடந்த நிலத்துக்கு இரண்டு பங்கும் சேர்ந்தே கிடைத்தது. போர்நிறுத்தக் காலத்தில் வீதியைத் துப்புரவாக்கிப் பயணிகளை விட்டார்கள். அரண்களுக்கு முன்னால் இருந்ததை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. எடுத்தால் மற்றவன் வந்துவிடுவான் என்ற பயம் இரு பக்கத்துக்கும் பொது. நாலரை ஆண்டு உயிர்களைக் காத்த இடைவெளி அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளில்லாத நிலத்தை ஆயுதமில்லாத நிலம் என்று எண்ணிக்கொண்டுதான் நான் அன்று பஸ்ஸின் யன்னலோரத்தில் இருந்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதற் கேள்வி: "தம்பி, கிணறு நிக்குதோ?"

ஏப்ரல் 18, வியாழன்

கிணறு நிற்கிறது. அணித்தலைவி தொலைபேசியில் சொன்னார்: கட்டு இடிந்து, பாதிக்கு மேல் மண் மூடியிருக்கிறதாம். 2017 டிசெம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்ததால் 2028 ஜூனுக்குள் நாடு முழுவதும் துப்புரவாக வேண்டும். எங்கள் தெற்குப் பாதி எந்த மாதம் முடியும் என்று கேட்டதற்கு, மழைக்கு முன் முயல்வதாக மட்டும் சொன்னார்.

இதற்குள் வேறொரு சிக்கல். மேற்கெல்லைப் புளியமரம் அடியோடு இல்லை; அந்த இடத்தில் மண் அரணின் எச்சம் ஒரு திட்டியாகக் கிடக்கிறது. அயல்காணிக்காரர் கனடாவில். அவருக்கும் அரண்தான் எல்லையாகத் தெரியும்போல. அந்தத் திட்டிவரை தன்னுடையது என்கிறார். நில அளவையாளரிடம் உறுதியின் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். புளியடியின் வேர் எங்காவது மிஞ்சியிருக்கும், வாரிக்காரப் பிள்ளைகளிடம் சொல்லிவை என்கிறார் அம்மா.