டெரெக் பிகாட்டும் காட்பாடி மேம்பாலமும்

போன செவ்வாய்க்கிழமை காட்பாடி மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. ஓட்டியவர் என்னிடம் டிரைவிங் கற்றுக்கொள்ளும் ஐம்பத்திரண்டு வயது டீச்சர். ஓரடி உருண்டதுமே "ஐயோ தம்பி" என்று கிளட்சை முழுசாக மிதித்துவிட்டார். மிதித்தால் வண்டி இன்னும் உருளும். உருள உருள இன்னும் அழுத்துகிறார். என் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றுதான் நிறுத்தினேன்.

அன்று ராத்திரி கிளைடர் ஓட்டச் சொல்லித் தந்த டெரெக் பிகாட் ஞாபகம் வந்தார். வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் மலைக்கு மேலே பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டம் போட்டு ஏறுமே, அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு கிளைடர் கிறுக்கு பிடித்தது. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். சூடான காற்று மேலே போகிற இடத்தைக் கண்டுபிடித்து அதிலேயே சுற்ற வேண்டும். பருந்து சுற்றுகிற இடமாகப் பார்த்துப் போகிற பைலட்டுகளும் உண்டு.

பிகாட் 1922-ல் பிறந்த ஆங்கிலேயர். 1953-ல் லாஷம் என்ற ஊரில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1989 வரை பெரும்பாலும் அங்கேதான். சினிமாவுக்காக அயர்லாந்தில் ஒரு பாலத்துக்கு அடியில் விமானத்தை நுழைத்து ஓட்டியவர் என்றுதான் பல பேர் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. சைக்கிள் மாதிரி மிதித்தே பறந்தது வேறு விஷயம். 1961 நவம்பர் 9, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான விமானம், ஓர் ஆள் உயரத்தில் 64 மீட்டர். அவ்வளவுதான். ஆனாலும் மனுஷன் கால் பலத்திலேயே தரையை விட்டு எழும்பிப் பறந்திருக்கிறார்!

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. கிளைடரின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை காற்றில் பிடிப்பை இழக்கும். அதற்கு ஸ்டால் என்று பெயர். மீள வேண்டுமானால் ஸ்டிக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ள வேண்டும். ஸ்டாலில் வயிறு ஜிவ்வென்று இறங்கும். சிக்கல் என்னவென்றால், ஸ்டிக்கைத் தள்ளி மூக்கு சட்டென்று தாழ்ந்தாலும் அதே ஜிவ்தான். சிலர் அதை ஸ்டால் என்றே நினைத்து மறுபடி தள்ளுவார்கள், ஜிவ் கூடும், இன்னும் தள்ளுவார்கள். சில விபத்துகளுக்கு இதுதான் காரணம் என்று விடாமல் எழுதியவர் பிகாட். வயிறு சொல்வதை நம்பாதே, அந்த உணர்ச்சியை முதலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடு என்பது அவர் வழி.

பதினாறு வருஷமாக டிரைவிங் சொல்லித் தருகிறேன். வண்டி பின்னால் உருளக் கூடாது என்று மட்டும்தான் இத்தனை நாள் கத்தியிருக்கிறேன். உருண்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் காட்டியதில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே டீச்சரை அதே ஏற்றத்துக்குக் கூட்டிப் போனேன். "டீச்சர், இப்ப வேணும்னே உருள விடுங்க. பிரேக்கு என் கால்ல இருக்கு." அரையடி உருண்டது. கண்ணை மூடிக்கொண்டார். சரி, இன்னொரு தடவை. அப்புறம் ஓரடி. நாலாவது தடவை கண் திறந்தே இருந்தது. ஆறாவது தடவை கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு நடுக்கம் நடுங்கி அப்படியே நின்றது. பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

கண்ணாடியில் பார்த்து, "இருப்பா, வரேன்" என்றார் டீச்சர்.