சேலம் வெயிலும் டபுள் ரைஃபிள் தோட்டாவும்

அஸ்தம்பட்டியில் என்னோடு படித்தவன் ஒருவன் தென்னாப்பிரிக்காவில் புதுசாக .470 டபுள் ரைஃபிள் வாங்கியிருக்கிறான் (இரண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கி, .470 என்பது அதன் தோட்டா வகை). தோட்டாவை அவனே நிரப்புகிறான். (நம் ஊரில் உரிமம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது, 1959 ஆயுதச் சட்டம்.) குண்டின் வேகத்தை இன்னும் ஏற்றலாமா என்று கேட்டான். ஏற்றவே கூடாது.

ஒற்றைக் குழலில் வேகம் மாறினால் குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். இதில் அது நடக்காது. வலது குழலில் சுட்டால் ரைஃபிள் மேலேயும் வலப்பக்கமும் உதைக்கும், இடதில் சுட்டால் மேலேயும் இடப்பக்கமும், குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே அந்த உதை தொடங்கிவிடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் இரண்டு குழலையும் முனையில் லேசாக நெருக்கி, சுட்டுப் பார்த்து, நடுவிலிருக்கும் ஆப்பை நகர்த்தி, குழல்களை மறுபடி உலோகப் பற்றால் ஒட்டி, மறுபடி சுட்டு என்று பொறுமையாகச் செய்கிறார்கள். அவ்வளவு உழைப்பும் ஒரே ஒரு குண்டு எடைக்கும் ஒரே ஒரு வேகத்துக்கும்தான். .470-க்குப் பழைய கணக்கு 500 கிரெயின் எடையுள்ள குண்டு, நொடிக்கு 2150 அடி. வேகம் கூடினால் குண்டு சீக்கிரம் வெளியேறிவிடும், உதை போதாது, இரண்டு குழலின் அடியும் குறுக்கே மாறி விழும். குறைந்தால் விலகிப் போகும்.

இந்த .470 பிறந்ததற்கே நம் நாடு ஒரு காரணம். கலகக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினி ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கு உதவிவிடும் என்று பயந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசு இந்தியாவில் .450 அளவுத் தோட்டாவைத் தடுத்தது. அப்புறம்தான் .465, .470, .475 எல்லாம் வந்தன.

சேலத்துக்காரனாக எனக்குப் பிடித்த விஷயம் வெயில். அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து கார்டைட், சேமியா மாதிரி குச்சி குச்சியாக இருக்கும். சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். இங்கிலாந்துக் குளிருக்கு அளந்த அளவு நம் சித்திரை வெயிலுக்கு ஆகாது என்று கைனோக் என்ற தோட்டாக் கம்பெனி மருந்தைக் குறைத்து 'டிராபிகல்' தோட்டா தனியாகவே போட்டது. ஒரே பெட்டித் தோட்டா ஏற்காட்டில் காலையில் ஒரு மாதிரியும், மலையிறங்கி 40 டிகிரி வெயிலில் வேறு மாதிரியும் நடந்துகொண்டிருக்கும்.

இப்போதைய மருந்துகளில் பல சூட்டுக்கு அவ்வளவு மாறுவதில்லை. ஆனால் கார்டைட்டுக்காகச் செய்த பெரிய தோட்டாக் கூட்டுக்குள் காலி இடம் மிஞ்சும், மருந்து சரிந்து தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும், அதனால்தான் மருந்துக்கு மேலே ஃபோம் துண்டு வைப்பது.

அவனுக்குச் சொன்னது இதுதான். புது ரைஃபிளை எந்தத் தோட்டாவில் சுட்டு அமைத்தார்கள் என்று கம்பெனியிடம் கேள். அதே எடை, அதே வேகம், மருந்தின் அளவு அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபை நல்ல வெயில் நாளில் வை. வலது குழலின் துளைகள் வலப்பக்கமும் இடதின் துளைகள் இடப்பக்கமும் அருகருகே விழுந்தால் அதோடு நிறுத்திவிடு.